பதினான்கு நாள் கேட்ட விண்ணப்பம்

பிறப்பு 1961, மார்ச் 9. இயற்பியலில் முதுகலைப் பட்டம் 1983. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பணியேற்றது 1986. ஓய்வு 2021, உரிமத் திருத்தப் பிரிவின் மூத்த ஆய்வாளராக. திருமணம் செய்துகொள்ளவில்லை. உடன்பிறந்தவர் ஒரே தம்பி.

அலுவலகத்தில் அவருக்கு 'அடிக்குறிப்பு' என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிட்டவர் தட்டச்சர் ஒருவர்தான். "மேல ரெண்டு வரி, கீழ இருபது வரி. பக்கத்தைத் தலைகீழாப் பிடிச்சுப் படிக்கணுமா மேடம்?" என்று கேட்டபோது ஆய்வாளர் வாய்விட்டுச் சிரித்திருக்கிறார். அடுத்த அறிக்கையிலும் அதே அளவு அடிக்குறிப்புகள் இருந்தன.

2017 அக்டோபரில் ஓர் அணுமின் நிலையத்தின் உரிமத் திருத்த விண்ணப்பம் அவர் மேசைக்கு வந்தது. உலையை நிறுத்தினாலும் அதன் சூடு உடனே அடங்கிவிடுவதில்லை. குளிர்விக்கும் நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வெளி மின்சாரம் அறுந்துபோனால் அந்த நீரை ஓட்டுவதற்கு இரண்டு டீசல் ஜெனரேட்டர்கள் உண்டு. அவற்றில் ஒன்று பழுதானால் மூன்று நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் உலையை நிறுத்த வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. அந்த மூன்று நாளைப் பதினான்காக்கித் தரும்படி நிலையம் கேட்டது. பழுதுபார்க்கும் நாட்களில் லாரியில் ஏற்றிய நடமாடும் ஜெனரேட்டர் ஒன்றைத் தயாராக நிறுத்துவோம் என்றும் சொன்னது. அதை இணைத்துக் காட்டிய ஒத்திகையின் பொறுப்பாளராகக் கையெழுத்திட்டிருந்தவர் ஆய்வாளரின் தம்பி.

அன்றே அவர் பிரிவுத் தலைவரிடம் போய் உறவைச் சொன்னார்.

"தம்பிதானே? விதியில கணவன், மனைவி, பிள்ளைங்க மட்டும்தான் வர்றாங்க," என்றார் தலைவர். "விண்ணப்பத்தைப் பத்தி மட்டும் பேசிக்காதீங்க. இதைப் பார்க்க உங்களை விட்டா எனக்கு ஆள் ஏது?"

ஆய்வாளர் அந்தத் தடையைத் தாமே இன்னும் கடுமையாக்கிக்கொண்டார். தம்பியை அழைத்தார்.

"இது முடியற வரைக்கும் எனக்கு ஃபோன் பண்ணாதே. நானும் வரல. வீட்டுக்கு வந்தா நீ வேலையைப் பத்திப் புலம்பாம இருக்க மாட்டே."

"அப்பாகிட்ட என்னன்னு சொல்றது? அக்காவுக்கும் எனக்கும் சண்டைன்னா?"

"அப்படியே சொல்லு. நம்ம சண்டை அவருக்கு என்ன புதுசா?"

அப்பா ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். நிலையக் குடியிருப்பில் தம்பியோடு இருந்தார். காது மந்தம், தொலைபேசியில் பேச முடியாது. அதனால் ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை ஆய்வாளர் ரயிலேறிப் போய்வருவது வழக்கம். வாசலில் மகளைக் கண்டதும் "உள்ள நிறைய இடம் இருக்கு, முன்னாடி போம்மா" என்பார் அப்பா. நான்கு பேர் நிற்க முடியாத கூடம் அது.

ஆய்வு எளிதில் முடியவில்லை. நடமாடும் ஜெனரேட்டரின் கம்பிகள் வெள்ளம் வந்தால் நனையும் உயரத்தில் இருந்தன. மழைநாளில் ஒத்திகை நடத்தியிருக்கிறீர்களா என்று ஆய்வாளர் எழுதிக் கேட்டார். நடத்தவில்லை என்று பதில் வந்தது. மறுபடியும் கேள்வி அனுப்பினார். ஆய்வு மேலும் சில மாதங்கள் நீண்டது. அந்தக் கேள்வி சரியானது என்று பின்னாளில் தம்பியே ஒப்புக்கொண்டார்.

அந்த இடைவெளியில்தான் அப்பாவைப் பக்கவாதம் தாக்கியது. வலப்பக்கம் தளர்ந்தது, பேச்சு நின்றுபோனது. தேறிவிடுவார் என்றார் மருத்துவர்.

"அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க," என்றாள் தம்பியின் மனைவி.

"சொன்னா அதையும் எழுதிப் பதிவு பண்ணுவா. அப்புறம் நான் ஆய்வாளருக்கு ஃபோன் போட்டேன்னு ஆகும். எல்லாத்தையும் வேற ஆள் கையில குடுத்து மொதல்ல இருந்து ஆரம்பிப்பாங்க. அப்பாதான் தேறிட்டு வர்றாரே, முடியட்டும்."

விண்ணப்பத்தின் மேல் பொதுக் கூட்டம் வாரியத்தின் இரண்டாம் மாடியில் நடந்தது. நீண்ட மேசையின் ஒரு பக்கம் நிலையத்தார், மறுபக்கம் வாரியத்தார். தம்பி இளைத்திருந்தார், முகம் மழிக்கவில்லை. வேலைச் சுமை என்று ஆய்வாளர் எண்ணிக்கொண்டார். இடைவேளையில் தாழ்வாரத்துத் தண்ணீர்க் குழாயருகே இருவரும் எதிரெதிரே வர நேர்ந்தது.

"அக்கா..."

ஆய்வாளர் உள்ளங்கையைக் காட்டினார். "முடியட்டும்டா."

தம்பி தலையசைத்தார். தண்ணீர் குடிக்காமலே உள்ளே போனார்.

2018 செப்டம்பரில் திருத்தம் அனுமதிக்கப்பட்டது. கம்பிகளை உயர்த்த வேண்டும், மழையில் ஒத்திகை நடத்த வேண்டும் என்ற இரு நிபந்தனைகளோடு பதினான்கு நாள். ஆணையில் தலைவர் கையெழுத்திட்ட அன்றே, அலுவலக நாற்காலியில் இருந்தபடியே, ஆய்வாளர் தம்பியை அழைத்தார். முதலில் கேட்டது அப்பாவைப் பற்றித்தான்.

அவர் போய்ச் சேர்ந்தபோது அப்பா படுக்கையில் இருந்தார். இரண்டாவது தாக்குதல் வந்து போயிருந்தது. கண் திறந்திருந்தது. மகளைப் பார்த்தார், பிறகு மருந்து கொடுக்க வந்த செவிலியையும் அதே பார்வை பார்த்தார். ஆய்வாளர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை விலகவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

"ஏண்டா சொல்லல?"

"நீதானே அக்கா கையைக் காட்டினே."

"காட்டினா? சின்ன வயசுல இருந்து நான் சொன்ன எதையாவது ஒரு தடவை கேட்டிருக்கியா நீ?"

தம்பியின் மனைவி அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்பா இறந்த பின் அலுவலகம் திரும்பியவரைப் பிரிவுத் தலைவர் தம் அறைக்கு அழைத்து உட்கார வைத்தார். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்றதுக்கு விதியில எங்கம்மா தடை இருக்கு? அந்த விதியே ஒரே ஒரு வாக்கியம்தான். விண்ணப்பத்தைப் பத்திப் பேசக் கூடாது, அவ்வளவுதான்."

"தெரியும் சார். அதை எழுதின குழுவில நானும் இருந்தேன்."

அதற்குப் பிறகும் மூன்று ஆண்டுகள் அவர் பணியில் இருந்தார், அறிக்கைகள் எழுதினார். தம்பி வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை போய்வந்தார். அப்பாவின் கடைசி மாதங்களைப் பற்றி அவர் கேட்கக் கேட்கத் தம்பியின் மனைவி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். முதல் தாக்குதலுக்குப் பின் அப்பாவுக்குப் பேச்சு திரும்ப வந்திருக்கிறது. நாளிதழை உரக்கப் படித்திருக்கிறார், அரசியல்வாதிகளைத் திட்டியிருக்கிறார், அக்காளும் தம்பியும் எப்போது ராசியாவார்கள் என்று கேட்டிருக்கிறார். இரண்டாவது தாக்குதல் வரும்வரை அவர் அப்படித் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தது ஏழு வாரம்.