கணப்பும் பங்காவும்

கோலார் தங்கவயல் சந்தையில் நிற்கிறேன். சீமை ஊரொன்றை அப்படியே பெயர்த்து வைத்திருக்கிறார்கள் என்று சென்னையில் ஒருவர் வாய் ஓயாமல் புகழ்ந்தார். பெயர்த்தவர்கள் குளிரை மட்டும் கொண்டுவர மறந்துவிட்டார்கள். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. எதிரே சுரங்கத் துரையின் பங்களாவில் புகைபோக்கி புகைகிறது. அங்கே வேலை செய்யும் வேலூர்க்காரர் விறகு வாங்குகிறார்.

"இந்த வெயில்ல குளிர்காயக் கணப்பு எதுக்குங்க?" என்கிறேன்.

"தொரைக்கு ஊரு நெனப்பு வந்துட்டா கணப்பு எரியணுங்க. அப்பால அவருக்கு வேர்க்கும். நான் கயித்தப் புடிச்சி பங்கா இழுத்து விசிறுவேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. "உங்க வீட்டுல?"

"எங்களுது மூங்கில் தட்டி வூடு. தீப்புடிச்சிக்குமாம், உள்ள அடுப்பு பத்த வெக்கக் கூடாதுன்னு தொரை உத்தரவு. வெளியதான் சமையல்."

"மழை வந்தா?"

விறகுக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்கிறார்.

"பட்டினிதாங்க."