அலமாரிச் சாவியும் மலாயாவின் சுதந்திரமும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு போட்டோஸ்டேட் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பெண், வரலாற்றுக் குறிப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். சூடாக வந்து விழுந்த தாளின் வாசனை மூக்கில் ஏறியதும் வரிசையை விட்டு ஓரடி பின்வாங்கினேன். சிரிக்காதீர்கள். ஒரு காலத்தில் இந்த வாசனையோடு அன்றைய வகுப்புக்கான பாடத்திட்டத்தை மூன்று பிரதி எடுத்துக்கொண்டு, கல்யாணம் நடக்குமோ நடக்காதோ என்று ஓடியவன் நான்.

அப்போது நான் கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் வரலாற்று ஆசிரியர். வேலை இன்னும் உறுதியாகவில்லை. முதல்வர் என் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து எழுதும் அறிக்கையில்தான் எல்லாம் இருந்தது. முதல் அறிக்கையில், "மாணவர்கள் உறங்குகின்றனர்" என்று எழுதிவிட்டார் அந்த அம்மா. பொய்யில்லை. ஓய்வு நேரத்தில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைத் தின்றுவிட்டு வரும் பிள்ளைகளுக்குப் பாடநூலை வாசித்துக் காட்டினால் வேறென்ன செய்வார்கள்? நானே ஒருமுறை கொட்டாவி விட்டேன். செராஸில் எனக்குப் பேசியிருந்த பெண் வீட்டாரோ, "மொதல்ல வேலை கன்ஃபர்ம் ஆகட்டும், அப்புறம் நாள் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார்கள்.

முதல்வர் இரண்டாம் முறை வந்தது, பதினேழு வயதுப் பிள்ளைகள் படிக்கும் ஐந்தாம் படிவத்துக்கு. பாடம், மலாயா சுதந்திரம். இந்தமுறை நாடகம் போட்டேன். என் மேசை பிரிட்டிஷ் அலுவலகம், வகுப்பு அலமாரிச் சாவிதான் நாடு. பிள்ளைகள் வந்து பேசி, மணி அடிப்பதற்குள் சாவியை வாங்கிவிட வேண்டும். அதிகாரியாக ஈஸ்வரியைப் போட்டேன். வாயே திறக்காத பிள்ளை, கேட்டதும் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். என் அறிவே அறிவு!

மலாய் மாணவன் ஹாபிஸ் தலைமையில் வந்தவர்களிடம் அவள் மலாயில் நிதானமாகக் கேட்டாள்: "குடியுரிமை யாருக்கெல்லாம்? பள்ளிக்கூடம் எந்த மொழியில்? எல்லாரும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாருங்கள்."

அவ்வளவுதான். எப்போதும் தனித்தனி மூலையில் உட்காரும் மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் மேசைகளை இழுத்துப்போட்டு ஒன்றாகச் சண்டையில் இறங்கினார்கள். ஹாபிஸ் எழுதிய வரியை மெய் லிங் அடித்தாள். அவள் எழுதியதை நம் பையன்கள் அடித்தார்கள். கொடுத்துத் தொலையேன் என்று ஈஸ்வரிக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மணி அடித்தது. சாவி அவள் கையிலேயே இருந்தது. முதல்வர் அறிக்கைக் கோப்பை மூடிக்கொண்டு எழுந்து போனார்.

"ஏம்மா இப்படிப் பண்ணின?"

"குடுத்திருப்பேன் சார். அவங்க இன்னும் முடிவே பண்ணல லா."

பள்ளி விட்டதும் முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார். தொலைந்தோம் என்று போய் நின்றேன்.

"சாவி கெடச்சிருச்சா?"

"இல்ல மேடம். வீட்டுக்குப் போகாம இன்னும் பேசிக்கிட்டிருக்காங்க."

"பார்த்தேன். இன்னிக்கு ஒருத்தரும் தூங்கல." கோப்பை என் பக்கம் தள்ளினார். வேலையை உறுதிசெய்யலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். "என்ன முடிவு பண்ணாங்கன்னு நாளைக்கு எனக்கும் சொல்லுங்க."

அப்பாடா! வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். அன்று சாயங்காலம் செராஸுக்குப் போன் செய்தபோது நான் கத்திய கத்தலில் எதிர்முனையில் பயந்துவிட்டார்கள். மறுநாள் அந்தத் தாள் வந்தது. முக்கால்வாசி அடித்தல் திருத்தல், கீழே வகுப்பு மொத்தத்தின் கையெழுத்து. ஈஸ்வரி இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தாள்.

இன்று நானே முதல்வர்; பின்வரிசையில் கோப்போடு உட்காருவது நான். இளம் ஆசிரியர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள், பெரிய திரையில் அழகாகப் படம் காட்டுகிறார்கள். சுதந்திரம் சொன்ன நேரத்தில் கிடைத்துவிடுகிறது. பிள்ளைகள் அவரவர் இடத்திலிருந்தே குறிப்பு எடுத்துக்கொள்கிறார்கள். நானும் எல்லாக் கட்டத்திலும் சரி போட்டுவிட்டு வருகிறேன். யாரும் யாருடைய வரியையும் அடிப்பதில்லை.