குசினியில் முளைத்த காடு

யுத்தம் முடிந்து சனம் ஊர் திரும்பிய காலம். மன்னார் நீதிமன்ற விறாந்தையில்தான் சட்டத்தரணியாக நான் அந்தத் தாயைச் சந்தித்தேன். கணவரை இழந்தவர், தமிழ்நாட்டு முகாமிலிருந்து மகளோடு நறுவிலிக்குளத்துக்குத் திரும்பியிருந்தார். வந்து பார்த்தால் வீடிருந்த வளவு முழுக்கக் காடு. குடிசை போட அதிலேயே நாலு தடி வெட்டியிருக்கிறார். அரச காட்டில் மரம் வெட்டியதாக வன இலாகா வழக்கு. தண்டம் கட்ட வழியில்லை, கட்டாவிட்டால் மறியலில் அடைப்பார்கள். சின்னப்பெட்டை தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றாள். தாய் உள்ளே போனால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

"கேட்டால் சுத்தவாளி, குற்றமில்லை எண்டு சொல்லுங்கோ," என்றேன்.

"வெட்டினனான்தானே, மிஸ். பொய் சொல்லலாமோ?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எங்கள் சனத்தின் வியாதி இது. செய்தாயா என்று கேட்பதும் குற்றவாளியா என்று கேட்பதும் இவர்களுக்கு ஒன்றுதான். ஒப்புக்கொண்டு கும்பிட்டால் மன்னித்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை வேறு. எத்தனை பேர் இப்படியே மறியலுக்குப் போனதைப் பார்த்துவிட்டேன்!

"உங்கட நேர்மையைக் கொண்டுபோய் அடுப்பில போடுங்கோ," என்று சினந்தேன். பாவம், தலையைக் குனிந்துகொண்டார்.

கூண்டில் ஏறியதும் நான் பயந்ததுதான் நடந்தது.

"வெட்டினனான், ஐயா," என்றார். "ஆனா, எங்கட குசினி இருந்த இடத்திலதான் வெட்டினனான். அம்மி இன்னும் அந்த மரத்தடியில கிடக்கு."

நீதவான் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். நான் பாய்ந்து எழும்பி, அது அரச காடல்ல, வீட்டு வளவு, இதைச் சுத்தவாளி என்றே பதிய வேண்டும் என்றேன். இடத்தைப் பார்த்துவர உத்தரவானது. பார்க்கப் போன அதிகாரிகள் பற்றைக்குள் அம்மியையும் கிணற்றுக்கட்டையும் கண்டார்கள். சில தவணைகளுக்குப் பிறகு வழக்கு தள்ளுபடியானது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள், அன்று ஏறியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை.

வெளியே வந்தவர் சிரிக்கவேயில்லை. சான்றுப் பொருளென்று நீதிமன்ற முற்றத்தில் போட்டிருந்த அவருடைய தடிகளைக் கறையான் தின்றிருந்தது. மாரி தொடங்கப்போகிறது, பிள்ளை இன்னும் தறப்பாள் கூடாரத்துக்குள்தான் படுக்கிறாள்.

"இனி வெட்டலாமோ, மிஸ்?"

"உங்கட வளவு. தாராளமா வெட்டுங்கோ."

"நீங்கள் பக்கத்தில நிப்பீங்களோ?"

அந்தச் சனிக்கிழமையே போனேன். கத்தியைத் தூக்கியவர் றோட்டுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வன இலாகாக்காரர் வந்துவிடுவார்களோ என்ற பயம்.

"கொண்டாங்கோ இங்க," என்று கத்தியை வாங்கி முதல் தடியை நானே வெட்டினேன். பிடிக்கிறதென்றால் என்னையும் சேர்த்துப் பிடிக்கட்டும்!