வாஃபிளும் வரிப்பணமும்

தேர்தல் காலத்தில், நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் ட்வெய்ட்டாவின் கடைத்தொகுதி வாசலில் கட்சிக்காரர்கள் கூடாரம் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் வாஃபிள் சுட்டுக் கொடுப்பார்கள். அந்த முறை ஒரு கூடாரத்தில் நின்றவர் தமிழ்ப் பெண். மூக்குக்கண்ணாடியில் மாத்தூள் படிந்திருக்கும். யார் என்ன பேசினாலும், வாஃபிளின் கருகிய ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டே கேட்பார்.

நான் அன்று நல்ல வேகத்தில் இருந்தேன்.

"அமெரிக்காவில ஜனாதிபதித் தேர்தல் பிரசாரத்துக்கு வரிக்காசு குடுக்கிறதை நிப்பாட்டச் சொல்லினம். சரியான கதை! இஞ்சையும் கட்சியளுக்கு அரசாங்கம் ஒரு குரோணர் காசும் குடுக்கக்கூடாது" என்று முழங்கினேன். வாய் நிறைய அவர் தந்த வாஃபிள்.

"அப்ப காசுக்காரர்தான் தருவினம். பிறகு அவை சொல்லுறதைத்தான் நாங்கள் கேக்க வேணும்" என்றவர், கத்தரிக்கோலை நிறுத்தினார். "இல்லாட்டி நீங்கள் தருவியளோ அண்ணை?"

மழை வருமா என்று வெளியே எட்டிப் பார்த்தேன். மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. "ஜாம் இன்னும் கொஞ்சம் வைக்கட்டோ?" என்றார்.

"ஓம்" என்றேன்.

நான் அவருடைய கட்சிக்கு வாக்குப் போடமாட்டேன் என்பது அவருக்கு அப்போதே விளங்கியிருக்கும். ஆனாலும் மறுநாள் வெட்கமில்லாமல் போய் நின்றபோது, கருகாத வாஃபிள் ஒன்றை எனக்கென்று மூடி வைத்திருந்தார்.