வற்றும் வரை

நாட்டு மருந்துக் கடைக்காரி சுக்குத் துண்டை நகத்தால் கீறி மூக்கருகே கொண்டுபோகிறாள். கண்ணை மூடி ஒரு மூச்சு இழுக்கிறாள். தும்மல் வந்தால் சரக்கு நல்ல சரக்கு. வராவிட்டால், எதிரே நிற்பவர் எவ்வளவு அவசரப்பட்டாலும், அந்தத் துண்டு காலடியில் இருக்கும் தகர டப்பாவுக்குள் போய்விடும். "தூங்குமூஞ்சிச் சரக்கு" என்பாள். அடுத்த துண்டுக்குக் கை போகும்.

மருந்துக் கடையின் மூன்று சுவர்களிலும் தரையிலிருந்து கூரை வரை சிறு சிறு இழுப்பறைகள். எதன் மேலும் பெயர் எழுதியிருக்காது. கை தானாகப் போய்த் திறக்கும். ஆனால் கடைச் சாவி மட்டும் அவள் கைக்கு அகப்படவே அகப்படாது. கொண்டையில் செருகிக்கொண்டு கடை முழுக்கத் தேடுவாள். அதனால்தான் மாற்றுச் சாவி ஒன்றைப் பக்கத்துக் கடைப் பூட்டுக்காரரிடம் கொடுத்து வைத்திருந்தாள். அவர் கடை ஆணியில் அது பல வருஷமாகத் தொங்கியது. அவள் வந்து நிற்கும்போதெல்லாம், கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டுவார். "தலையத் தடவிப் பாத்தியா தங்கச்சி?" என்ற கேள்வியும் கூடவே வரும்.

கடைக்குப் பின்னால் ஓர் அறை. ஒரு அடுப்பு, இரண்டு முக்காலி, அடி கனத்த ஒரு பாத்திரம். பாத்திரத்தின் உட்புறம் ஆணியால் கீறிய கோடு ஒன்று உண்டு. எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காக வற்றும்போது கஷாயம் அந்தக் கோட்டில் வந்து நிற்கும். தீ எப்போதும் சிறிதாகத்தான் இருக்கும். ஆவி எழுந்து ஒற்றைச் சன்னலை மூடும். அதற்கப்பால் தெருவில் போகிறவர்கள் தண்ணீருக்கடியில் மிதப்பவர்களைப் போல மெல்ல நகர்ந்து மறைவார்கள். அந்த அறையில் உட்கார்ந்தவர்களுக்கு வெளியே மணி என்ன என்பது சீக்கிரம் மறந்துவிடும்.

மனம் கலங்கியவர்களை வீட்டார் முதலில் அழைத்து வருவது இங்கேதான். மனநல அவசர வண்டிக்கு ஓர் எண் இருக்கிறது, கூப்பிட்டால் வருவார்கள். ஆனாலும் வீட்டு வாசலில் அந்த வண்டி நிற்பதை யாரும் விரும்புவதில்லை. மருந்துக் கடைக்கு வந்தால் சளிக்கு வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். ஒரு நாள் அந்த வண்டியின் நர்ஸ், மெலிந்த இளைஞன், நேராகக் கடைக்கே வந்து சண்டை பிடித்தான். அவள் கொடுத்த சூரணம் தன் நோயாளியின் மாத்திரையோடு மோதிவிட்டது என்றான். அவளும் விடவில்லை. "உன் மாத்திரைக்கு வாசனையே இல்லையேப்பா. உடம்பு எதப் பாத்து அத நம்பும்?" அவன் சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு ஒரு ஒப்பந்தம் உண்டாயிற்று. கலங்கி வருகிறவர்களுக்கு அவள் சுக்கும் மல்லியும் சீரகமும் மட்டும் போடுவாள், வேறெதுவும் சேர்க்க மாட்டாள். வண்டியைக் கூப்பிடுவாள். வண்டி வரும் வரை ஆளைத் தனியே விடமாட்டாள்.

அந்த வண்டிக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர்தான் அடுப்பக்கா.

இன்னொன்றும் அந்த நர்ஸ் கற்றுக்கொடுத்தான். சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும். "கேட்டா இல்லாத நெனப்பு வந்துடாதுக்கா. உள்ள இருக்கறதுதான் வெளிய வரும்." முதலில் அவளுக்கு வாய் வரவில்லை. கடையில் ஆள் இல்லாதபோது சீரக இழுப்பறையைத் திறந்து அதனிடம் கேட்டுப் பழகினாள். செத்துப் போகணும்னு தோணுதா? பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பூட்டுக்காரர் பதில் சொன்னார்: "உன் கஷாயத்தக் குடிச்சா தோணும்."

அவரிடம் அவள் எதையும் மறைத்ததில்லை. காய்ச்சும்போது, கூட வந்தவர்களிடம் கரண்டியைக் கொடுத்துக் கிண்டச் சொல்வது ஏன், தீயைக் கூட்டாதது ஏன் என்று எல்லாமே அவருக்குத் தெரியும். வண்டி தாமதமானால், "கசப்பு ஏறிடுச்சு" என்று பொய் சொல்லி இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றுவாள். அதையும் சொல்லியிருந்தாள். "மருந்து பாதிண்ணே, நேரம் பாதி." அவர் அரத்தை நிறுத்தாமலே சிரிப்பார்.

அந்த மழைக்காலத்தில் பூட்டுக்காரரின் மனைவி, மகளின் பிரசவத்துக்கென்று ஊருக்குப் போயிருந்தாள். அரத்தின் சத்தம் குறைந்தது. மழைச் சத்தத்தில் தனக்குத்தான் கேட்கவில்லை என்று அடுப்பக்கா நினைத்துக்கொண்டாள். பிறகு அவர் சாவிகளைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார். பழுதுக்குக் கொடுத்துவிட்டு மறந்தவர்களின் பூட்டுகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். காசு கேட்கவில்லை. மனிதர் கடையைச் சுத்தம் பண்ணுகிறார் போலிருக்கிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு மத்தியானம், தெருவே அரைத் தூக்கத்தில் இருந்தபோது, நனைந்தபடி வந்து அவள் கடைச் சாவியைக் கல்லா மேசையில் வைத்தார்.

"இது இனி உங்கிட்டயே இருக்கட்டும் தங்கச்சி."

சாவி துடைத்துப் பளபளவென்று இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. தலையைத் தடவிப் பாத்தியா என்று அவர் கேட்பார் என ஒரு கணம் காத்திருந்தாள். கேட்கவில்லை.

"செத்துப் போகணும்னு தோணுதாண்ணே?"

இழுப்பறையிடம் கேட்ட அதே குரல்தான். அவர் மேசையில் இருந்த சாவியை நேராக்கி வைத்தார். மறுபடி நேராக்கினார்.

"கண்ண மூடினா எங்கயோ ஒரு கதவு பூட்டாமக் கெடக்கற மாதிரியே இருக்கு. எந்தக் கதவுன்னு தெரியல. எந்திரிச்சுப் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு." சற்றுக் கழித்து, "தோணுது" என்றார்.

அவர் எதிரிலேயே அவள் கைபேசியில் வண்டியின் எண்ணை அழுத்தினாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள்.

"அடுத்தது அடுப்பப் பத்த வைப்பே" என்றார் அவர்.

"ஆமா."

"எனக்குத் தெரிஞ்ச வித்தைய எங்கிட்டயே காட்டறே."

"தெரிஞ்சேதான் உக்காருங்களேன், எனக்காக."

உட்கார்ந்தார். கூட வந்தவர்கள் யாரும் இல்லாததால் கரண்டியை அவரிடமே கொடுத்தாள். சன்னலில் ஆவி படிந்தது. சுக்கின் வாசனை மெல்ல அறையை நிறைத்தது. மழை வெளியே பெய்கிறதா பாத்திரத்துக்குள் பெய்கிறதா என்று தெரியாத ஒரு சத்தம். அவர் கிண்டினார். நடுவில் நிறுத்தி, பேரப்பிள்ளை பிறந்ததும் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். கஷாயம் இறங்கிக்கொண்டே வந்தது. அவள் அதைப் பார்க்காமலிருக்கப் பார்த்தாள்.

கைபேசி ஒலித்தது. நர்ஸ்தான். பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, சுற்றிக்கொண்டு வருகிறோம், பக்கத்திலேயே இருங்கக்கா என்றான்.

அவள் திரும்பியபோது அவர் பாத்திரத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோடு வந்துடுச்சு."

அவள் கை செம்பை நோக்கிப் போய், பாதியில் நின்றது. கசப்பு ஏறிடுச்சு என்ற சொல் வாய்வரை வந்தது. இந்த மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? அத்தனை வருஷத்தில் முதல் முறையாக, அடுப்பின் முன்னால் செய்ய எதுவுமில்லாமல் நின்றாள்.

அவர் எழுந்தார். ஒரு பக்கம் கதவு, ஒரு பக்கம் அடுப்பு. அவருடைய ஈரமான செருப்புகளையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் செம்பை எடுத்தார். பழைய பூட்டுக்கு எண்ணெய் விடுகிற கை. ஒரு சொட்டும் தெறிக்காமல், மெதுவாக, அந்தக் கோடு மூழ்கி மறையும் வரை தண்ணீரை ஊற்றினார். முக்காலியில் உட்கார்ந்து மறுபடி கரண்டியை எடுத்துக்கொண்டார்.

அடுப்பக்கா குனிந்து, தீயை இன்னும் கொஞ்சம் குறைத்தாள்.