முப்பது பாகை

எங்கள் வீட்டில் நவம்பர் நடுப்பகுதிக்கு முன்னர் ஹீற்றர் போடுவதில்லை. அது நான் போட்ட சட்டம். போட்டாலும் காலையில் ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம். மகள் குளிர்கிறது என்றால் "சுவெட்டரைப் போடு பிள்ளை" என்பேன். போட்டிருக்கிறேன் என்றால் "அப்ப இன்னொண்டைப் போடு" என்பேன். சுவரில் உள்ள ஹீற்றர் பெட்டியை என்னைத் தவிர வேறு கை தொடக்கூடாது. லண்டனில் இருக்கும் தமிழ்த் தகப்பன்மாரில் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. எனக்கு அது முற்றிப்போன நிலை.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் மகள் ஒரு பாம்பைக் கொண்டுவந்தாள். மனைவி இறந்து ஒரு வருடம் கழிந்திருந்தது. மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். பெரிய பாம்பல்ல. விரல் தடிப்பு, செம்மஞ்சள் நிறம், முதுகில் சிவப்புத் திட்டுகள். கோர்ன் ஸ்னேக் என்றாள். விஷம் இல்லையாம். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். நான் படையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நடுங்கினேன். முன்பக்கம் கண்ணாடி போட்ட நீளமான மரப்பெட்டியில் அதை வைத்து, தன் அறை மேசையில் ஏற்றினாள். பெட்டிக்குள் ஒரு பக்கத்தில் மெல்லிய சூட்டுப் பாய் ஒன்றை விரித்தாள். அது மின்சாரத்தில் சூடாவது. சூடு கூடிக் குறையாமல் பார்க்க அதனோடு ஒரு தெர்மோஸ்டாற்றும் இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியே வெப்பமானி ஒட்டினாள்.

"ஏன் இவ்வளவு சாமான்?" என்று கேட்டேன்.

"அதுக்குத் தன்ர உடம்பில சூடு உண்டாக்க ஏலாது அப்பா. வெளியில இருந்து கிடைக்கிற சூட்டிலதான் அதுக்குச் சாப்பாடு செமிக்கும்."

"ஒரு சுவெட்டர் பின்னிப் போடலாமே."

அவள் சிரிக்கவில்லை. ஒரு பக்கம் முப்பது பாகை, மற்றப் பக்கம் இருபத்து நாலு. சூடு வேண்டுமென்றால் இங்கே வரும், போதுமென்றால் அங்கே போகும். அதுவே முடிவெடுத்துக்கொள்ளும் என்றாள். என் வீட்டில் அந்த உரிமை கிடைத்த முதல் உயிர் அதுதான். அன்றைக்கு எனக்கு இது உறைக்கவில்லை.

அடுத்த ஒக்டோபரில் ஒரு நாள், பெற்றோல் ஷெட்டில் பகல் ஷிப்ட் முடிந்து வந்தேன். கதவைத் திறந்ததும் முகத்தில் சூடு அடித்தது. மகள் ஹீற்றரைப் போட்டுவிட்டு சோபாவில் படுத்திருந்தாள். காய்ச்சலாம். எனக்கு அன்று வேலையில் ஏதோ எரிச்சல். அதையெல்லாம் சேர்த்து அவள்மேல் கொட்டினேன். கடைசியில், "இது என்ர வீடு. சூடு வேணுமெண்டால் சூடு இருக்கிற இடத்துக்குப் போ" என்றேன். என் வாயால்தான் சொன்னேன். வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

காய்ச்சல் மாறிய கையோடு அவள் மோர்டனில் உள்ள எங்கள் வீட்டை விட்டு, லண்டனின் மறு கோடியில் பார்க்கிங் என்ற ஊரில் இரண்டு சிநேகிதிகளோடு போய் இருந்துவிட்டாள். அந்த வீட்டுக்காரர் பிராணிகள் வளர்க்க விடமாட்டாராம். பாம்பு என்னிடமே தங்கிவிட்டது.

"மூண்டு மாதம் பாத்துக்கொள்ளுங்கோ. வேற இடம் எடுத்த உடன கொண்டு போறன்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் ஒரு தாளைக் கண்ணாடியில் ஒட்டினாள். சாப்பாடு பத்து நாளுக்கு ஒருமுறை. சாப்பிட்டபின் இரண்டு நாள் தூக்கக் கூடாது. தண்ணீர் தினமும் மாற்ற வேண்டும். கடைசி வரி மட்டும் பெரிய எழுத்தில்: சுவிட்சை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. சுவர்ச் சுவிட்சின்மேல் சிவப்பு நாடாவும் ஒட்டினாள். "ஒவ்வொரு நாளும் காலமை வெப்பமானியைப் படம் எடுத்து அனுப்புங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவளுக்கும் எனக்கும் இடையில் மிஞ்சியிருந்தது அந்தப் படம் ஒன்றுதான். நான் வேறு எது எழுதினாலும் பதில் வராது. சாப்பிட்டாயா என்றால் வராது. படம் போட்டால் மட்டும் ஒரு நிமிடத்தில் 'ஓகே' வரும். அந்த 'ஓகே' வந்த பிறகுதான் தேத்தண்ணி போடுவேன்.

ஒரு நாள் முப்பத்து நாலு காட்டியது. படத்தை அனுப்பினேன், உடனே போன் வந்தது. ஐந்து கிழமைக்குப் பிறகு அவள் குரல். பாம்பு நெளிந்ததில் தெர்மோஸ்டாற்றின் வயர் நுனி இடம் மாறியிருக்கும், அதைத் திரும்பவும் பாயோடு ஒட்ட வேண்டும் என்றாள். "அதைத் தூக்கி அங்கால விடுங்கோ அப்பா, ஒண்டும் செய்யாது" என்றாள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தூக்கினேன். வழுக்கும், சில்லிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. உலர்ந்து, இளஞ்சூடாக, தோய்த்துக் காயவைத்த துணிபோல இருந்தது. என் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு விட மறுத்தது. "உங்கட கைச் சூடு அதுக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் மகள். மற்றக் கையால் வயர் நுனியைப் பாயோடு ஒட்டினேன்.

அதன்பிறகு நான் மெல்ல மெல்லப் பாம்புக்காரன் ஆனேன். பிரீசரில் அறக்குளா மீனுக்குக் கீழே உறைந்த எலிக்குஞ்சுப் பொட்டலம். ஒன்றை எடுத்துச் சுடுதண்ணீரில் இளக்கி, இடுக்கியால் பிடித்து ஆட்டிக் காட்டுவேன். டூட்டிங்கில் மரக்கறி வாங்கும்போது கடைக்காரர், "அண்ணை, பாம்புக்குப் பால் வாக்கிறியளோ?" என்று பகிடி விடுவார். அது பால் குடிக்காது, பால் குடிப்பது நீதான் என்பேன். ஒருமுறை அதன் கண் இரண்டும் நீலம் பாரித்துப் போக, குருடாகிவிட்டது என்று பதறி மகளுக்குப் போன் அடித்தேன். தோல் கழற்றப் போகிறது என்று சொல்லிச் சிரித்தாள். அம்மா இறந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. "பொங்கலுக்கு வந்து பாக்கிறன்" என்றாள்.

தை பிறக்க இரண்டு கிழமை இருக்கும்போது பாரிசில் என் பழைய நண்பர் ஒருவர் இறந்துபோனார். இந்த நாடுகளுக்கு வந்த புதிதில் ஒரே அறையில் படுத்து, ஒரே கோட்டை மாறி மாறிப் போட்டவர்கள் நாங்கள். போகாமல் இருக்க முடியாது. நாலு நாள். மகளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பாம்பை வேறு சிநேகிதியிடம் கொடுத்துவிடுவாள், பிறகு காலைப் படமும் இல்லை, 'ஓகே'யும் இல்லை என்று பயந்தேன். பாம்பு பத்து நாளுக்கு ஒருமுறை சாப்பிடும் பிராணி, முதல் நாள் எலி கொடுத்தால் போதும், பெட்டி தன் பாட்டில் சூடாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். போகும் நாள் காலை கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பிவிட்டு, வெப்பமானியை நாலு படம் எடுத்தேன். ஒரே இலக்கமாக இருந்தால் பிடித்துவிடுவாள் என்று, 29.8, 30.1 என மாறும்வரை காத்திருந்து எடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது எல்லாச் சுவிட்சையும் நிறுத்துவது எங்கள் வீட்டு வழக்கம். மனைவி இருக்கும்வரை அது அவள் வேலை. கோயிலுக்குப் போய் ஒரு மணித்தியாலத்தில் திரும்புவதென்றாலும், பிரிட்ஜைத் தவிர ஒவ்வொரு பிளக்காகத் தொட்டு நிறுத்தி, வாயால் எண்ணிக்கொண்டு வருவாள். நானும் மகளும் வாசலில் சப்பாத்தோடு நின்று சிரிப்போம். அவள் போனபின் அதை நான் செய்கிறேன். நெருப்புக்குப் பயந்தல்ல. அந்த நேரம் அவள் வீட்டுக்குள் நடப்பதுபோல இருக்கும். அன்றும் குசினி, ஹோல், என் அறை என்று தொட்டுக்கொண்டே வந்தேன். காலைப் படம் எடுத்ததும் மகளின் அறைக்கதவை வழமையில் சாத்திவிடுவேன், சுவிட்ச் நிறுத்த அங்கே போவதில்லை. அன்று நாலு படம் எடுத்த அவசரத்தில் திறந்து கிடந்தது. உள்ளே போனேன், குனிந்தேன், சிவப்பு நாடாவோடு சேர்த்து அமத்தினேன். பதினொன்று என்று எண்ணினேன். அந்த எண் மட்டும் இன்றைக்கும் காதில் கேட்கிறது. வீட்டு ஹீற்றரையும் நிறுத்திவிட்டு பஸ் ஏறினேன்.

பாரிசில் நண்பரின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இரண்டாவது படத்தை அனுப்பினேன். 'ஓகே' வந்தது. மூன்றாவதுக்கும் வந்தது. நாலாவதுக்கு ஒன்றும் வரவில்லை. வேலை அவசரம் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வீட்டுக்குள் என் மூச்சுப் புகைந்தது. அப்போதுதான் பதினொன்று நினைவுக்கு வந்தது. மேலே ஓடினேன். வெப்பமானி எட்டுப் பாகை காட்டியது. விழுங்கிய எலியைப் பாம்பு பாதியாகக் கக்கியிருந்தது, நாற்றம் அறை முழுக்க. பாம்பு அணைந்துபோன பாயின்மேல் தன்னைத் தானே இறுக்கிச் சுருண்டு கிடந்தது. இந்தப் பக்கம்தான் சூடு வரும் என்று அதற்குத் தெரியும். வரும் வரும் என்று நாலு நாளும் அங்கேயே கிடந்திருக்கிறது.

சுவிட்சைப் போட்டேன். ஒரு மணித்தியாலத்தில் பெட்டி முப்பதைத் தொட்டது. அடுத்த நாள் காலை உண்மையான படத்தை அனுப்பினேன். உண்மையை அனுப்பவில்லை.

அதன்பிறகு அது சாப்பிடவில்லை. ஒரு கிழமையில் வாயைத் திறந்து மேலே பார்த்து மூச்சு வாங்கத் தொடங்கியது. மூக்கில் சிறு நுரை, மெல்லிய விசில் சத்தம். பொங்கல் அன்று மகள் வந்தாள். சொன்னபடி வந்தாள். நான் சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தேன். கோட்டைக் கழற்றாமல் நேரே மேலே போனவள், "எப்ப இருந்து இப்பிடி?" என்று கேட்டாள்.

"ரெண்டு நாள் இருக்கும்."

பொங்கலைத் தொடாமலே டொக்டரிடம் கொண்டு போனோம். துணிப் பைக்குள் பாம்பு, பை அவளுடைய கோட்டுக்குள், நெஞ்சோடு. டொக்டர் ஊசி போட்டுவிட்டு, இது குளிரில் கிடந்ததா என்று கேட்டார். மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

பாம்பை அவள் அங்கேயே விட்டாள். நாலாம் நாள் அது செத்துவிட்டது. இரண்டே சொல்லில் செய்தி அனுப்பியிருந்தாள். ஷெட்டின் பின்னறையில் ஜூஸ் பெட்டிமேல் இருந்து வாசித்தேன். என்னைப்போல ஒரு கேடுகெட்டவன் இருக்கமாட்டான் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சனிக்கிழமை பின்னேரம் சாமான்களை எடுக்க வந்தாள். பாயைச் சுருட்டிக்கொண்டே பேசினாள்.

"நாலு படத்திலயும் அது கிண்ணத்துக்குப் பக்கத்தில ஒரே மாதிரிக் கிடந்தது அப்பா. வாலும் அதே வளைவு."

நான் மேசைக்குக் கீழே குனிந்து பிளக்கைக் கழற்றிக் கொடுத்தேன்.

"நீங்கள் எங்கயோ போயிட்டியள் எண்டு விளங்கினது. சூடு நிண்டிருக்கும் எண்டு நினைக்கேல்லை. டொக்டர் கேக்கேக்கயாவது சொல்லுவியள் எண்டு பாத்தனான்."

"சுவிட்சை நான்தான் பிள்ளை நிப்பாட்டினனான்" என்றேன். "தெரியாமல். வெளிக்கிடேக்க எல்லாத்தையும் நிப்பாட்டுறது, அம்மான்ர பழக்கம்..."

"பழியை அம்மாவில போடாதேங்கோ."

சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கை குளிரில் சிவந்து போயிருந்தது. வயரைச் சுற்றவும் விரல் மடங்கவில்லை. அப்போதுதான் வீட்டில் ஹீற்றர் போடவில்லை என்பது உறைத்தது. ஓடிப்போய்ச் சுவரில் இருந்த பெட்டியைத் திருகினேன். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

"இப்ப சூடாகும். கொஞ்சம் இரு பிள்ளை" என்றேன்.

"வேண்டாம் அப்பா. நான் போறன்" என்றாள். "எனக்கும் குளிர்ந்ததுதான் இஞ்ச. எப்பவும்."

மரப்பெட்டியை மட்டும் விட்டுவிட்டுப் போனாள். அது இன்னும் அவள் மேசையில் இருக்கிறது. சிவப்பு நாடாவையும் நான் உரிக்கவில்லை.

இப்போது ஹீற்றரை நிறுத்துவதே இல்லை. வீடு முழுக்கச் சூடு, உள்ளே நான் ஒருத்தன். காலையில் எழும்பியதும் ஹீற்றர் பெட்டியைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்புகிறேன். இருபத்தொரு பாகை. அவள் பார்க்கிறாள், பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுகிறது. 'ஓகே' வருவதில்லை. வராது என்று தெரிந்தும் தேத்தண்ணி போடாமல் காத்திருக்கிறேன்.