குடிக்காமல் வைத்த தேத்தண்ணி

மொத்தம் இரண்டு நிமிட வீடியோ. அதில் கடைசியில் வருகிற மூன்று செக்கன்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஒரு பெண் தேத்தண்ணிக் கோப்பையை வாயில் வைக்காமலே பக்கத்து ஸ்டூலின் மேல் வைக்கிறாள். கோப்பையிலிருந்து ஆவி பறக்கிறது. அவ்வளவுதான். அதைப் படம் பிடித்தவளும் நான், வெட்டி ஒட்டியவளும் நான், பேஸ்புக்கில் போட்டவளும் நான். ஆகவே இதில் யாரையாவது திட்டுவதென்றால் என்னிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

ஹட்டனில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். தேயிலைத் தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்கு வழிகாட்டிகளைச் சேர்த்துவிடுவது எங்கள் வேலை. ஒரு வழிகாட்டிக்கு ஆறு பிள்ளைகள், சனிக்கிழமை தோறும் இரண்டு மணித்தியாலம், படிப்புப் பாதி பேச்சுப் பாதி. சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் போய்விட்டால், அடுத்த மாதமே கொழும்பில் யாராவது வீட்டிலோ கடையிலோ வேலைக்குப் போய் நிற்கிற பிள்ளைகள் இவர்கள். அவர்களை இன்னும் இரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பிடித்து வைப்பதற்குத்தான் இத்தனை பாடு.

என் பங்கு ஊடகப் பிரசாரம். போஸ்டர், வீடியோ, பேஸ்புக். பார்ப்பவர்களுக்கு மனம் இரங்க என்னென்ன படம் வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். பனிமூட்டம், கொழுந்துக் கூடை, லயத்து வாசல், அப்புறம் லயத்துக்குள் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிற வழிகாட்டி. நானே தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனாலும் கெமராவைக் கையில் எடுத்துவிட்டால் வெளியாள் மாதிரித்தான் பார்க்கிறேன்.

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்துக்குப் போய்வந்த வழிகாட்டி, ஹட்டன் டவுனில் பாமசியொன்றில் வேலை செய்கிற முஸ்லிம் பெண். என்னைவிட ஆறேழு வயது இளையவள். என்னை அக்கா என்பாள். பிள்ளைகளுக்கு அவள் மிஸ். பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று கிலோமீற்றர் ஏற்றம் நடந்து, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்குப் போவாள். வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு சும்மா கிடக்கும். குழந்தைகளுக்காகச் செய்த குட்டைப் பெஞ்சில், பதினாறு வயதுப் பிள்ளைகள் முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்து சமன்பாடு போடுவார்கள். பரீட்சை மே மாதம். தைப்பொங்கல் சமயத்தில் கழித்தல் கணக்குக்கே கண்ணைக் கசக்கிய பிள்ளைகள், மார்ச்சில் கரும்பலகைக்கு முன்னால் சண்டை போட்டுக்கொண்டு நின்றார்கள்.

அந்த மார்ச்சில்தான் வீடியோவுக்கும் புதுப் போஸ்டருக்குமாகப் படம் பிடிக்கப் போனேன். ஆறு பிள்ளைகளில் ஒருத்தியின் வீட்டைத் தேர்ந்தெடுத்தேன். பிள்ளையின் அம்மா கொழுந்து பறிப்பவர். மலையிலிருந்து வந்ததும் வராததுமாக, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் அடுப்பை மூட்டினார். நல்ல கோப்பையாகத் தேடி எடுத்துத் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"இப்ப வேணாம் அக்கா," என்று மிஸ் என் காதருகே சொன்னாள்.

"சும்மா கையில வச்சிக்கிங்க, படத்துக்குத்தான்," என்றேன்.

வாங்கி வைத்துக்கொண்டாள். பிள்ளையோடு பேசினாள், சிரித்தாள், பிறகு கோப்பையை ஸ்டூலில் வைத்தாள். அன்று நோன்பு தொடங்கி நாலாவது நாள். பின்னேரங்களில் ஹட்டன் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு ஆட்கள் பாத்திரத்தோடு நிற்பதை நான் தினமும் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகிறேன். அந்தக் கஞ்சியை வாங்கிக் குடித்தும் இருக்கிறேன். அப்படியிருந்தும் அன்றைக்கு அது என் மண்டையில் ஏறவில்லை.

எங்கள் லயங்களில் தேத்தண்ணி என்பது வெறும் தேத்தண்ணி இல்லை. வீட்டுக்கு வந்தவர் அதைக் குடித்தால் நம்மை மனுஷராக மதிக்கிறார். குடிக்காவிட்டால் மதிக்கவில்லை. எனக்கு எட்டு வயதிருக்கும்போது, பெயர் பதிய டவுனிலிருந்து ஒருவர் எங்கள் லயத்துக் காம்பராவுக்கு வந்தார். அம்மா பக்கத்து வீட்டில் பீங்கான் கோப்பை இரவல் வாங்கி, பால்மா கரைத்து, தேத்தண்ணி கொடுத்தார். "இப்பதான் குடிச்சிட்டு வாறேன்," என்று சொல்லி அவர் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனார். அவர் போனதும் அம்மா அந்த ஆறிப்போன தேத்தண்ணியைத் தானே மடமடவென்று குடித்தார். அன்று முழுக்க வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின.

வீடியோ போட்ட இரண்டாம் நாள் யாரோ அந்த மூன்று செக்கனை மட்டும் வெட்டியெடுத்துத் தனியாகப் போட்டுவிட்டார்கள். "நம்ம லயத்துத் தேத்தண்ணி இந்த முக்காட்டுக்காரிக்கு இறங்காதாம்" என்று மேலே ஒரு வரி. அதற்குக் கீழே வந்தவை அதைவிட மோசம். கணக்குச் சொல்லிக் கொடுக்கிற சாக்கில் மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்று ஒருவர். அந்த ஈஸ்டர் ஞாயிறை மறந்துவிட்டீர்களா என்று இன்னொருவர். குண்டு வெடித்த அன்று இந்தப் பெண் பாமசியில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அழுதுகொண்டே மருந்து கொடுத்தவள். அது எனக்குத் தெரியும், எழுதியவர்களுக்குத் தெரியாது. எங்களிடம் சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வழிகாட்டிகள் இருக்கிறார்கள், சைவக்காரர் இருக்கிறார்கள். அவர்கள் தேத்தண்ணி குடித்தார்களா இல்லையா என்று இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைக் காம்பராவுக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. மிஸ் மட்டும் போயிருக்கிறாள். கரும்பலகையில் பத்துக் கணக்கு எழுதி, இரண்டு மணித்தியாலம் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கி வந்திருக்கிறாள். ஏன் போனீர்கள் என்று கேட்டேன். "ஒரு புள்ள மனசு மாறி வந்து, நான் இல்லாமப் போனா?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை எங்கள் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. பயந்தவர்.

"அவங்க நல்லவங்கதான், நான் இல்லேங்கல. ஆனா போஸ்டர்ல இப்போதைக்கு அவங்க முகம் வேணாம். வேற ஒரு வழிகாட்டிய அந்தப் பிள்ளையோட சேத்து எடுப்போம். பிரச்சினை அடங்கட்டும்."

"பிரச்சினைய உண்டாக்கினது நான் சார். முகத்த எடுக்கிறதுன்னா என்னய எடுங்க."

"ஒங்க முகம் போஸ்டர்ல இல்லையேம்மா."

அவர் சொன்னது சரிதான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அன்றே நோன்பு என்றால் என்ன என்று விளக்கி ஒரு பதிவு எழுதினேன். நாகரிகமான தமிழ், அழகான பிறைப் படம். ஏற்கனவே தெரிந்தவர்கள் இதயம் போட்டார்கள். தெரிய வேண்டியவர்கள் எட்டிப் பார்க்கவில்லை. பேஸ்புக்கில் தொலைத்ததைப் பேஸ்புக்கில் தேட முடியாது என்று அப்போதுதான் புரிந்தது. பரீட்சைக்கு ஏழு வாரம் இருந்தது. அந்த ஆறு பிள்ளைகளையும் அந்தக் குட்டைப் பெஞ்சில் திரும்ப உட்கார வைக்காமல் விடுவதில்லை என்று தீர்மானித்தேன்.

புதன்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, பெரட்டுக்கு முன்னால் தோட்டத்தில் போய் நின்றேன். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் எல்லாரும் காலையில் ஒரே இடத்தில் கூடுவது அங்கேதான். அவர்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிற கண்டாக்கு ஐயாவிடம் ஐந்து நிமிடம் கேட்டேன். "மூணு நிமிஷம்," என்றார். முன்னால் நாற்பது ஐம்பது பெண்கள், தலையில் கூடைக் கயிறு, கையில் தேத்தண்ணிப் போத்தல். அன்று தேத்தண்ணி கொடுத்த வீட்டம்மா கடைசி வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"அந்தக் கோப்பைய மிஸ் கையில திணிச்சது நான்தான்," என்றேன். "அவங்க வேணாம்னு சொன்னாங்க. படத்துக்குன்னு நான்தான் புடிக்க வச்சேன். அவங்களுக்கு இது நோம்பு மாசம். விடியிறதுக்கு முந்தி சாப்பிட்டா, பொழுது எறங்குற வரைக்கும் வாயில ஒன்னும் வைக்க மாட்டாங்க."

முன் வரிசையில் ஒரு பெண் விடுவதாக இல்லை. "நாங்களுந்தான் சஷ்டிக்கு வெரதம் இருக்கோம். தேத்தண்ணி குடிக்கிறோமே. வெரதத்துக்கும் தேத்தண்ணிக்கும் என்ன சம்பந்தம்?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஆட்களுக்கு விரதமென்றால் சோறு இல்லை, அவ்வளவுதான். தேத்தண்ணிக்குக் கூட விரதம் இருக்க முடியும் என்று இந்த மலையில் யார் நினைப்பார்கள்?

"அவங்க தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க," என்றேன்.

"பச்சத் தண்ணியுமா?"

"பச்சத் தண்ணியுந்தான்."

கடைசி வரிசையிலிருந்து அந்த வீட்டம்மாவின் குரல் வந்தது.

"அப்ப அந்த வெயில்ல, அந்த ஏத்தத்துல, தொண்டை நனையாமலா ஏறி வந்துச்சு அந்தப் புள்ள?"

"ஆமாக்கா. வெறும் கரும்பலகைக்குப் பாடம் நடத்திட்டுப் போனாங்களே, அன்னைக்கும் அப்பிடித்தான்."

அவர் கூடைக் கயிற்றைச் சரி செய்தார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லாம என்னைய பாவியாக்கிட்டீங்களே," என்றார். என்னைத்தான் சொன்னார். வாங்கிக்கொண்டேன். மூன்று நிமிடம் பத்து நிமிடமாகியிருந்தது. கண்டாக்கு ஐயா தடுக்கவில்லை.

போஸ்டர் விஷயத்தையும் அந்த வீட்டம்மாவே முடித்துவைத்தார். பிள்ளையின் படத்தைப் போட வேண்டுமென்றால் பெற்றவர் கையெழுத்து வேண்டும் என்பது எங்கள் நிறுவனத்தின் கண்டிப்பான விதி. வியாழக்கிழமை பொறுப்பாளருக்குப் போன் எடுத்து, "எம்புள்ள படம் போடுறதா இருந்தா பக்கத்துல அந்த மிஸ்ஸும் இருக்கணும். இல்லாட்டி நான் வச்ச கையெழுத்தத் திருப்பிக் குடுங்க சார்," என்றாராம். வைத்த கையெழுத்தைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்று எங்கள் விதிகளில் இல்லை. பொறுப்பாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, முக்காடு போட்ட படத்தையே அச்சுக்கு அனுப்பினார். திட்டுகிறவர்கள் திட்டட்டும் என்று அவர் வாயாலேயே சொன்னதைக் கேட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நானும் மிஸ்ஸோடு போனேன். கெமராவைக் கொண்டுபோகவில்லை. ஆறு பிள்ளைகளும் வந்திருந்தார்கள். கரும்பலகையில் போன வாரத்துப் பத்துக் கணக்கும் அழியாமல் இருந்தன. அவள் வரவேற்கவுமில்லை, ஏன் வரவில்லை என்று கேட்கவுமில்லை. "மொதலாவது கணக்கு யாரு செய்றது?" என்று சோக்கட்டியை நீட்டினாள். விட்ட வாரத்தையும் சேர்த்து நாலு மணித்தியாலம் நடத்தினாள்.

இறங்கும்போது அந்த வீட்டம்மா பாதையில் மறித்தார். மலைக்குக் கொண்டுபோகிற தன் போத்தலில் தேத்தண்ணி நிரப்பி, சூடு ஆறாமல் இருக்கத் துணியால் சுற்றி வைத்திருந்தார்.

"இப்ப குடிக்க வேணாம் மிஸ். பொழுது எறங்கினதும் குடிங்க. போத்தல அடுத்த கெழம கொண்டுவந்தாப் போதும்."

மிஸ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்தாள்.

எனக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. பெரட்டில் நான் சொன்னது பாதிதான். வீடியோவை வெட்டி ஒட்டும்போது அந்த மூன்று செக்கனை நான் பார்க்காமல் இல்லை. கோப்பை ஸ்டூலுக்குப் போனதைப் பார்த்தேன். நோன்பு ஞாபகம் வரவில்லை, எங்கள் வீட்டு ஜன்னல் கட்டைதான் ஞாபகம் வந்தது. இவளும் அப்படித்தான் என்று நினைத்தேன். ஆவி அழகாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வேண்டுமென்றே விட்டுவைத்தேன். பேஸ்புக்கில் எழுதினவர்கள் எல்லாரும் எனக்குப் பிறகு வந்தவர்கள்தான்.

நோர்வூட்டைத் தாண்டியதும் இதை அவளிடம் சொன்னேன். சொல்லும்போது வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

"தெரியும் அக்கா," என்றாள். "வீடியோ பார்த்த அன்னைக்கே தெரியும். வெட்டுறதுக்கு எவ்வளவு நேரம் போகும்? நீங்க வெட்டல."

"தெரிஞ்சுமா திரும்பி வந்தீங்க?"

"புள்ளைகளுக்கு மே மாசம் பரீட்ச. ஒங்களோட கோவிச்சிக்கிட்டு இருக்க எங்க நேரம்?"

ஜன்னலுக்கு வெளியே மலை இருட்டிக்கொண்டு வந்தது. அவள் போனில் நேரம் பார்த்து, வாய்க்குள் ஏதோ சொல்லி, துணியை அவிழ்த்துப் போத்தலைத் திறந்தாள். காலையிலிருந்து காய்ந்திருந்த தொண்டை. கண்ணை மூடிக்கொண்டு பாதிப் போத்தலைக் குடித்தாள். பிறகு போத்தலை அப்படியே என்னிடம் நீட்டினாள்.

"குடிங்க அக்கா. ஆறிடும்."

அவள் வாய் வைத்துக் குடித்த போத்தல். எங்கள் வீட்டில் பிறர் போத்தலில் குடிப்பதென்றால் அண்ணாந்துதான் குடிப்போம். பஸ் ஆடினாலும் சிந்தாமல் குடிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. கை பாதி உயர்ந்தது. அவள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையை இறக்கி, வாய் வைத்துக் குடித்தேன்.